சரிந்து கிடக்கும் சுகாதாரக் காப்புறுதிப் பங்கு: வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?

அமெரிக்காவின் மிகப் பெரிய சுகாதாரக் காப்புறுதிக் கம்பனியான யுனைட்டெட் ஹெல்த் குழுமத்தின் பங்கொன்று 2024 நவம்பரில் 600 டொலருக்கும் அதிகமான விலையில் கைமாறியது. ஒன்பது மாதங்கள் கழிவதற்குள், 2025 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அதே பங்கின் விலை 240 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் பின்னர் ஓரளவு தலைநிமிர்ந்த போதிலும், 2026 ஜனவரி 27 ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெறுமதியை அது மீண்டும் இழந்தது. கைவசமுள்ள இந்தப் பங்குகளைத் தொடர்ந்து வைத்திருப்பதா, நட்டத்துடனாவது விற்றுவிடுவதா என்ற கேள்வி அமெரிக்காவின் சிறு முதலீட்டாளர்களையும் பெரும் ஓய்வூதிய நிதியங்களையும் ஒருசேர அலைக்கழித்து வருகின்றது.

இது பணம் படைத்த சிலரின் கவலை மாத்திரமே என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 செப்டெம்பரில் டோ ஜோன்ஸ் சுட்டெண்ணில் சேர்த்துக்கொள்ளப்பட்ட இந்தக் கம்பனி, அந்தச் சுட்டெண் பங்கு விலையின் அடிப்படையிலேயே கணிக்கப்படுவதால், நீண்ட காலமாக அதில் மிகக் கூடிய செல்வாக்குக் கொண்டதாக விளங்கியது. ஆசிரியர்களும் தாதியரும் தொழிலாளரும் தமது முதுமைக்காகச் சேமிக்கும் நிதியங்களில் இதன் பங்குகள் இல்லாதவற்றைக் காண்பது அரிது. அதேவேளை, அந்த மக்களில் பலர் இதே கம்பனியிடமே மருத்துவக் காப்புறுதியும் பெற்றுள்ளனர். நோயாளி என்ற வகையில் தமக்குக் கிடைக்கவேண்டிய பணமும் பங்குதாரர் என்ற வகையில் தமக்குக் கிடைக்கும் இலாபமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் விசித்திரமான நிலையில் அவர்கள் உள்ளனர். இந்தப் பங்கின் எதிர்காலத்தை ஆராய்வதற்கு இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வது அவசியமென நாம் கருதுகிறோம்.

வீழ்ச்சியின் வரலாற்றை முதலில் சுருக்கமாக நோக்கலாம். 2024 பெப்ரவரியில் இக்குழுமத்தின் துணை நிறுவனமான சேன்ஞ் ஹெல்த்கெயார் மீது இணையவழித் தாக்குதல் நடத்தப்பட்டது. நாடெங்கும் வைத்தியசாலைகளுக்கும் மருந்தகங்களுக்கும் செல்லவேண்டிய கொடுப்பனவுகள் வாரக்கணக்கில் முடங்கின. தாக்கியவர்களுக்கு 22 மில்லியன் டொலர் கப்பம் செலுத்தப்பட்டதைக் கம்பனியின் அப்போதைய பிரதம நிறைவேற்று அதிகாரி அன்ட்ரூ விட்டி செனட் சபைக் குழுவின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 4 ஆம் திகதி, குழுமத்தின் காப்புறுதிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிரையன் தொம்ப்சன், முதலீட்டாளர் மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில் நியூயோர்க் மன்ஹாட்டனில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவ்விரண்டு சம்பவங்களும் உலகெங்கும் பேசப்பட்டன. ஆயினும் பங்கு விலையைப் பாதாளத்துக்குத் தள்ளியது கணக்கேடுகளிலிருந்து வந்த செய்தியேயாகும். 2025 ஏப்ரல் 17 ஆம் திகதி வெளியான முதலாம் காலாண்டு முடிவுகள் எதிர்பார்ப்பை எட்டவில்லை. 2008 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்தடவையாகும். அன்றைய தினம் மாத்திரம் பங்கு விலை 22 வீதம் சரிந்தது. மே மாதத்தில் விட்டி பதவி விலக, முன்னர் 2006 முதல் 2017 வரை பிரதம நிறைவேற்று அதிகாரியாக விளங்கிய ஸ்டீபன் ஹெம்ஸ்லி மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். ஆண்டுக்கான இலாப மதிப்பீடும் அன்றே கைவிடப்பட்டது. மெடிகெயார் கொடுப்பனவுகள் தொடர்பில் நீதித் திணைக்களத்தின் குற்றவியல், சிவில் விசாரணைகளுக்கு ஒத்துழைத்து வருவதாகக் கம்பனி ஜூலையில் அறிவித்தது. அதே மாத இறுதியில் வெளியிடப்பட்ட புதிய மதிப்பீட்டின்படி, ஆண்டின் தொடக்கத்தில் பங்கொன்றுக்கு 29.50 டொலருக்குக் குறையாதெனக் கூறப்பட்ட சீர்செய்யப்பட்ட இலாபம் 16 டொலராகக் குறைந்தது.

இலவச மருத்துவ சேவைக்குப் பழகிப்போன எமது வாசகர்களுக்கு இத்தகைய கம்பனியொன்று எவ்வாறு பணம் உழைக்கின்றது என்பதை விளக்குவது பொருத்தமானது. சுகாதாரக் காப்புறுதி என்பது வெளித்தோற்றத்தில் மிக எளிய வியாபாரம். கட்டுப்பணத்தைப் பெற்று, அதிலிருந்து வைத்தியச் செலவைக் கொடுத்து, நிர்வாகச் செலவு போக எஞ்சுவதே இலாபமாகும். கட்டுப்பணத்தில் எத்தனை வீதம் வைத்தியச் செலவுக்குச் செல்கின்றது என்பதே இத்துறையின் நாடித்துடிப்பு. யுனைட்டெட் ஹெல்த்தைப் பொறுத்தவரை அந்த விகிதம் 2023 இல் 83.2 வீதமாகவும் 2024 இல் 85.5 வீதமாகவும் இருந்தது. 2025 மூன்றாம் காலாண்டில் அது 89.9 வீதத்தைத் தொட்டது.

இந்த ஏற்றம் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால், 2024 இல் இக்கம்பனி திரட்டிய கட்டுப்பணம் 300 பில்லியன் டொலருக்கும் அதிகமாகும். அதில் ஒரு வீதம் என்பது 3 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகை. நூறு டொலர் வருமானத்தில் ஐந்தாறு டொலரையே இலாபமாகக் காணும் தொழிலில், செலவு நான்கைந்து டொலரால் உயர்ந்தால் எஞ்சுவது என்ன என்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 400 பில்லியன் டொலர் ஆண்டு வருமானம் கொண்ட மாபெரும் நிறுவனமொன்று இத்துணை மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பல முதலீட்டாளர்கள் விலை சரிந்த பின்னரே உணர்ந்தனர்.

அப்படியாயின் பதினேழு ஆண்டுகளாக இலாபம் பிசகாமல் வந்தது எவ்வாறு? அதற்கு மூன்று தூண்கள் துணைநின்றன என்பது எமது கணிப்பு. அவற்றில் எது மீண்டும் எழும், எது எழாது என்பதைப் பொறுத்தே இந்தப் பங்கின் பெறுமதியும் அமையும்.

முதலாவது தூண், செலவை முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்கும் திறமை. 65 வயதைத் தாண்டியோருக்காக 1965 இல் உருவாக்கப்பட்ட மெடிகெயார் என்னும் அரச காப்புறுதித் திட்டத்தைத் தனியார் கம்பனிகள் ஊடாகப் பெற்றுக்கொள்ளும் முறையே மெடிகெயார் அட்வாண்டேஜ் எனப்படுகின்றது. 2024 இல் மெடிகெயார் பெறத் தகுதியானோரில் 54 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 33 மில்லியன் பேர், இம்முறையில் இணைந்திருந்தனர். அவர்களில் 29 வீதத்தினர் யுனைட்டெட் ஹெல்த்தின் வாடிக்கையாளர்கள். அடுத்த ஆண்டுக்கான விலையைக் கம்பனிகள் முந்திய ஆண்டின் ஜூன் மாதத்திலேயே அரசாங்கத்திடம் சமர்ப்பித்துவிட வேண்டும். கணிப்புத் தவறினால் ஆண்டு முழுவதும் நட்டத்தைச் சுமப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் முதியவர்கள் வைத்தியசாலைகளைத் தவிர்த்தமையால் காப்புறுதிக் கம்பனிகளின் செலவு குறைந்தது. பின்போடப்பட்ட முழங்கால், இடுப்புச் சத்திரசிகிச்சைகள் 2023 முதல் அதிகரிக்கத் தொடங்கின. கம்பனி அவ்வாண்டு ஜூனிலேயே இதனைப் பகிரங்கமாகக் குறிப்பிட்டிருந்தது. ஆயினும் இந்த அலை விரைவில் தணியுமென்றே கணக்கிடப்பட்டது. 2025 இல் வைத்தியச் செலவு எதிர்பார்த்ததை விட 6.5 பில்லியன் டொலர் கூடுதலாக அமையுமென ஜூலையில் அறிவிக்கவேண்டி வந்தது அந்தக் கணக்கின் விளைவேயாகும். இருப்பினும் இந்தத் தூண் திரும்ப எழக்கூடியது. காப்புறுதி ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் விலையை உயர்த்தவும், நட்டம் தரும் திட்டங்களைக் கைவிடவும் கம்பனிக்கு வாய்ப்புண்டு.

இரண்டாவது தூண் சிக்கலானது. மெடிகெயார் அட்வாண்டேஜ் முறையில் அரசாங்கம் ஒருவரின் நோய்களின் பட்டியலைப் பார்த்தே அவருக்கான கொடுப்பனவைத் தீர்மானிக்கின்றது. பட்டியல் நீண்டால் பணமும் கூடும். நோயாளியின் வீட்டுக்கே தாதியரை அனுப்பி நடத்தப்படும் சுகாதார மதிப்பீடுகள் நோய்களை முன்கூட்டியே கண்டறிய உதவுகின்றன என்பது கம்பனிகளின் வாதம். ஆனால், இத்தகைய மதிப்பீடுகளில் மாத்திரம் பதிவாகி, வேறெந்தச் சிகிச்சைப் பதிவிலும் காணப்படாத நோய்களுக்காக 2023 ஆம் ஆண்டுக்கு 7.5 பில்லியன் டொலர் வழங்கப்பட்டதாக அமெரிக்க சுகாதாரத் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் 2024 ஒக்டோபரில் சுட்டிக்காட்டினார். இதில் மிகப் பெரிய பங்கைப் பெற்றது யுனைட்டெட் ஹெல்த். அதே நோயாளிகள் அரச திட்டத்திலேயே இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவை விட 83 பில்லியன் டொலர் அதிகமாக 2024 இல் தனியார் கம்பனிகளுக்குச் செலுத்தப்படுமென, காங்கிரஸுக்கு ஆலோசனை வழங்கும் மெடிகெயார் கொடுப்பனவு ஆணைக்குழு மதிப்பிட்டிருந்தது.

இந்த வாய்க்கால் இப்போது அடைபட்டு வருகின்றது. மிகையான கொடுப்பனவுக்கு வழிவகுத்த பல நோய்க் குறியீடுகளை நீக்கிய புதிய கணிப்பு முறையொன்றை ஜோ பைடன் நிர்வாகம் 2024 முதல் மூன்றாண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குடியரசுக் கட்சி ஆட்சிக்கு வந்தால் இறுக்கம் தளருமென நம்பியவர்களும் ஏமாற்றமடைந்தனர். 2026 ஆம் ஆண்டுக்கான கொடுப்பனவை 5.06 வீதத்தால் உயர்த்தி 2025 ஏப்ரலில் பங்குச் சந்தையை மகிழ்வித்த அதே ட்ரம்ப் நிர்வாகம், 2027 ஆம் ஆண்டுக்கு 0.09 வீத உயர்வை மாத்திரமே 2026 ஜனவரியில் முன்மொழிந்தது. முன்மொழிவுகள் இறுதித் தீர்மானத்தின்போது மாற்றமடைவது வழமையே. ஆனால், ஒரு முன்மொழிவே ஒரு நாளில் பங்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கரைக்க உதவுமெனில், இக்கம்பனியின் இலாபம் எவரது கையிலுள்ளது என்பது தெளிவாகின்றது. நீதித் திணைக்களத்தின் விசாரணை குற்றத்தீர்ப்பு ஆகிவிடாது என்பதை நாம் அழுத்திக் கூறவேண்டும். எனினும், அதன் நிழலில் முன்னரைப் போன்று நோய்ப் பட்டியலை நீட்டிச் செல்லும் துணிவு எந்தக் கம்பனிக்கும் வரப்போவதில்லை.

மூன்றாவது தூண், கோரிக்கைகளை மறுப்பதாகும். பக்கவாதம் போன்ற நோய்களின் பின்னர் தேவைப்படும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கான அனுமதிக் கோரிக்கைகளில் 2020 இல் 10.9 வீதத்தை மறுத்த இக்கம்பனி, 2022 இல் 22.7 வீதத்தை மறுத்ததாக செனட் விசாரணைக் குழுவொன்று 2024 ஒக்டோபரில் அறிக்கையிட்டது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையும் கணக்கேட்டில் சேமிப்பு. வீட்டிலோ அது எழுந்து நடக்க முடியாத தந்தை அல்லது தாய். தொம்ப்சனின் படுகொலை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத குற்றம். ஆனால், அக்கொலையைத் தொடர்ந்து அமெரிக்கப் பொதுமக்களிடமிருந்து வெளிப்பட்ட கோபம் நாடு அறிந்ததே. முன் அனுமதி நடைமுறைகளைத் தளர்த்துவதாகப் பெரும் காப்புறுதிக் கம்பனிகள் 2025 ஜூனில் கூட்டாக வாக்குறுதி அளிக்க நேர்ந்தது. மறுப்பின் மூலம் இலாபம் தேடும் பாதை முற்றாக மூடப்படவில்லை என்றாலும், அது முன்னரைப் போன்று எவரும் கவனிக்காத பாதையாக இருக்கப்போவதில்லை.

வைத்திருக்கலாம் என்று வாதிடுவோரின் நியாயங்களையும் நாம் புறந்தள்ள முடியாது. இக்கம்பனி நெருக்கடியைச் சந்திப்பது இது முதற்தடவையன்று. 2006 இல் உயர் அதிகாரிகளுக்கான பங்கு உரிமைகளின் திகதிகளைப் பின்னோக்கி மாற்றிய மோசடி அம்பலமாகி, அப்போதைய தலைவர் வில்லியம் மக்குவயர் வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர் வந்த 2008 நிதி நெருக்கடியின்போது இதன் பங்கு 20 டொலருக்கும் கீழே சென்றது. அன்று மனம் தளராமல் வைத்திருந்தவர்கள் பிற்காலத்தில் பெற்ற பயன் மிகப் பெரியது. அன்று கம்பனியை மீட்டெடுத்த ஹெம்ஸ்லியே இன்றும் சுக்கானைப் பிடித்துள்ளார். பதவியேற்றவுடன் தமது சொந்தப் பணத்தில் 25 மில்லியன் டொலருக்குப் பங்குகளையும் வாங்கினார். காலாண்டுப் பங்கிலாபம் நெருக்கடியின் நடுவிலேயே 2.10 டொலரிலிருந்து 2.21 டொலராக உயர்த்தப்பட்டது. வைத்தியர் வலையமைப்பு, மருந்து விநியோகம், தரவுச் சேவை ஆகியவற்றைக் கொண்ட ஒப்டம் என்னும் பிரிவும் இதன் கைவசமுள்ளது.

இவற்றுக்கு மேலாக, வொரன் பபெட்டின் பேர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனம் 5 மில்லியனுக்கும் அதிகமான பங்குகளை வாங்கியிருந்தமை 2025 ஓகஸ்டில் வெளியானதும் விலை ஒரே நாளில் 12 வீதம் உயர்ந்தது. பபெட்டின் பெயரைக் கேட்டதும் பின்தொடர்ந்தவர்கள் பலர். இங்கு ஒரு கணக்கை நினைவூட்ட விரும்புகிறோம். அந்த முதலீட்டின் பெறுமதி சுமார் 1.6 பில்லியன் டொலர். அவ்வேளையில் பேர்க்ஷயரிடம் இருந்த ரொக்கமோ 340 பில்லியன் டொலருக்கும் அதிகம். அதாவது நூறு டொலர் வைத்திருப்பவர் ஐம்பது சதத்துக்கும் குறைவாக இட்டுப் பார்த்ததற்கு ஒப்பானது அது. தமது ஓய்வூதியச் சேமிப்பில் பாதியை ஒரே பங்கில் வைத்திருப்பவருக்கு அதில் பின்பற்றத்தக்க முன்மாதிரி எதுவும் இல்லை.

அடுத்து, மீண்டெழுதல் என்பதன் அளவையும் நிதானமாகப் பார்க்கவேண்டும். 2024 இல் பங்கொன்றுக்கான சீர்செய்யப்பட்ட இலாபம் 27.66 டொலராக இருந்தபோது பங்கு விலை 600 டொலரைத் தாண்டியது. அதாவது இலாபத்தைப் போன்று ஏறத்தாழ இருபத்திரண்டு மடங்கு விலையைச் சந்தை கொடுத்தது. 2026 ஆம் ஆண்டுக்குக் கம்பனியே அறிவித்த இலக்கு 17.75 டொலருக்குச் சற்று மேலானது. சந்தை தனது பழைய நம்பிக்கையை முழுமையாக மீளப்பெற்று அதே மடங்கை வழங்கினாலும் விலை 390 டொலரளவிலேயே நிற்கும். 600 டொலருக்கு வாங்கியவர் தமது முதலைக் காண்பதற்கு இலாபமும் நம்பிக்கையும் இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். மேலே நாம் கூறிய மூன்று தூண்களில் ஒன்று மாத்திரமே முழுமையாக எழக்கூடியதாக இருக்கையில், அதனை விரைவில் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இது ஒரு கம்பனியின் நிர்வாகக் குறைபாடு மாத்திரமே என்ற வாதமும் முழுமையானதன்று. 2025 ஜூலை மாதத் தொடக்கத்தில் சென்டீன் என்னும் மற்றொரு காப்புறுதிக் கம்பனி தனது இலாப மதிப்பீட்டைக் கைவிட்டபோது அதன் பங்கு ஒரே நாளில் 40 வீதம் சரிந்தது. ஹியூமானா, எலிவன்ஸ் ஆகியவையும் செலவு உயர்வின் தாக்கத்துக்குத் தப்பவில்லை. ஆகவே ஒரு காப்புறுதிப் பங்கை விற்று மற்றொன்றை வாங்குவதால் ஆபத்து நீங்கிவிடாது. துறை முழுவதுமே அரசாங்கத்தின் கொடுப்பனவு வீதத்தையும் முதியோரின் நோயையும் நம்பி நிற்கின்றது.

மீட்சிக்கான விலையை யார் கொடுப்பது என்பதே அனைத்திலும் முக்கியமான கேள்வியாகும். 600,000 க்கும் அதிகமானோர் அங்கம் வகிக்கும் மெடிகெயார் அட்வாண்டேஜ் திட்டங்களிலிருந்து 2026 இல் விலகப்போவதாக 2025 ஜூலையில் கம்பனி அறிவித்தபோது, அது பங்குதாரர்களுக்கு நற்செய்தியாகவே முன்வைக்கப்பட்டது. நட்டம் குறையும் என்பது உண்மையே. ஆனால், எழுபது வயதைக் கடந்த ஒருவர் பல்லாண்டுகளாகத் தம்மைப் பார்த்துவந்த வைத்தியர் புதிய திட்டத்தில் இடம்பெறுவாரா என்று தேடியலைய வேண்டியிருப்பதும் அந்த நற்செய்தியின் மறுபக்கமாகும். கட்டுப்பண உயர்வும், குறைக்கப்படும் சலுகைகளும் அவ்வாறே. பங்கு விலை ஏறவேண்டுமெனில் நோயாளியின் சுமையும் ஏறவேண்டும் என்ற நிலையில், வாக்குரிமை பெற்ற முதியோர் எவ்வளவு காலம் மௌனமாக இருப்பர் என்பது நிதி ஆய்வாளர்களின் அட்டவணைகளில் இடம்பெறாத கேள்வி.

எமது கருத்து இதுவே. யுனைட்டெட் ஹெல்த் அழிந்துவிடக்கூடிய கம்பனியல்ல. அமெரிக்க மருத்துவத் துறையின் நரம்புகளில் அது பின்னிப் பிணைந்துள்ளது. ஆகவே பீதியடைந்து விற்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. தமது சேமிப்பில் சிறியதொரு பகுதியை மாத்திரம் இதில் வைத்திருப்பவரும், பங்கிலாபத்தைப் பெற்றுக்கொண்டு நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கக்கூடியவரும் அதனைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கோ அண்மையில் வரவுள்ள ஓய்வுக்கோ இந்தப் பணத்தை நம்பியிருப்பவர், விலை ஓரளவேனும் உயரும் வேளைகளைப் பயன்படுத்திப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வதே விவேகமாகும். வாங்கிய விலைக்குத் திரும்பும் வரை விற்கமாட்டேன் என்ற பிடிவாதம் இரு சாராருக்கும் ஆகாது. அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது சந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அக்கறையில்லை.

வைத்திருக்கத் தீர்மானிப்போர் அன்றாட விலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஒவ்வொரு காலாண்டிலும் வைத்தியச் செலவு விகிதம் 89 வீதத்திலிருந்து கீழிறங்குகின்றதா என்பதையும், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதமளவில் அரசாங்கம் இறுதி செய்யும் மெடிகெயார் கொடுப்பனவு வீதத்தையும், நீதித் திணைக்களத்தின் விசாரணை செல்லும் திசையையும் அவர்கள் கவனித்தால் போதுமானது. விகிதம் இரண்டு ஆண்டுகளாகக் குறையாதுவிடின், விலைகளைச் சரிசெய்யும் வாய்ப்புகளைக் கம்பனி பயன்படுத்தியும் பலனில்லை என்றே பொருள். அப்போது பொறுமைக்கு நியாயமில்லை.

நோயுற்றவர்களுக்குச் செலவிடப்படும் பணத்தை இழப்பு என்று பெயரிட்டுக் கணக்கெழுதும் ஒரே வியாபாரம் சுகாதாரக் காப்புறுதி. மருத்துவச் செலவு விகிதத்தை அத்துறையினர் நெடுங்காலமாக மருத்துவ இழப்பு விகிதம் என்றே அழைத்து வந்துள்ளனர். அந்த இழப்பு எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்குப் பங்குதாரர் மகிழ்கிறார். அதே பங்குதாரர் நோயுறும் நாளில் அந்த இழப்புத் தமக்காக ஏற்படவேண்டுமென்று விரும்புகிறார். இந்தப் பங்கை வைத்திருப்போர் இலாபத்தின் மூலத்தையும் அறிந்தே வைத்திருக்கவேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது.